பிறக்காத கல்கிக்கு 600 கோடி ரூபாய்!

(வளப்பூர் நாட்டான் எழுதுவது)

2024ம் வருஷம் ஜூன் மாதம் 27ந் தேதி "கல்கி 2898 ஏ.டி." என்பதாக ஒரு சினிமாப் படம் வெளியாயிற்று. தெலுங்கில் எடுத்து, தமிழ் முதலிய பல பாஷைகளிலும் பேச வைத்து, ஊர் ஊராகக் கொட்டகைகளில் ஓட்டினார்கள். இது விஞ்ஞானப் படம் என்றும், இந்தியா இதுவரையில் கண்டிராத எதிர்கால உலகத்தைக் காட்டும் படம் என்றும், இதற்குச் செலவு சுமார் 600 கோடி ரூபாய் என்றும் விளம்பரம் செய்யப்பட்டது. எங்கள் கொல்லிமலையில் உள்ள வளப்பூர் நாட்டிலிருந்தும் வாலிபர்கள் கூட்டங் கூட்டமாக எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போய், நாமக்கல்லில் படத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் அந்த எழுபது வளைவுகளையும் ஏறி வந்து சேர்ந்தார்கள்.

அப்படிப் போய் வந்தவர்களில் எங்கள் உறவுப் பையன் ஒருவன். மிளகு பறித்துச் சம்பாதித்த இரண்டு நாள் கூலியை பஸ்ஸுக்கும் டிக்கெட்டுக்கும் தீனிக்குமாகத் தொலைத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னான்:

"சித்தப்பா! விஞ்ஞானம் என்னமா வளர்ந்திருக்குது பார்த்தீங்களா? நம்ம புராணத்துல சொன்னதெல்லாம் நெசம்தான்னு இப்பத்தான் தெரியுது."

"எப்படித் தெரிந்தது?" என்றேன்.

"அசுவத்தாமன் ஆறாயிரம் வருசமா சாகாம இருக்கிறாரு. நெத்தியில மணி இருக்குது. அதுல என்னமோ சக்தி இருக்குது."

"யார் சொன்னது?"

"படத்துல காட்டுறாங்க சித்தப்பா!"

தோழர்களே! இந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரையில் படித்தவன். கணக்கும் இரசாயனமும் படித்தவன். அவன் விஞ்ஞானப் படம் பார்க்கப் போய்ப் புராணத்தில் நம்பிக்கை பெற்றுத் திரும்பி வந்தான் என்றால், அந்தப் படம் எந்த வேலையைச் செய்தது என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள். நாம் இந்தக் கட்டுரை எழுதப் புகுந்ததும் அதனால்தான். சினிமா கெட்டது என்று சொல்லுவது நமது நோக்கமல்ல. விஞ்ஞானத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு மூடநம்பிக்கை வீட்டுக்குள் நுழைகிறது என்பதை எடுத்துக் காட்டுவதே நமது நோக்கமாகும்.

படம் உண்டான வரலாறு

இந்தப் படத்தின் டைரக்டர் தோழர் நாக் அசுவின். எடுத்தது வைஜயந்தி மூவீஸ் கம்பெனி. பிரபாஸ், அமிதாப் பச்சன், கமல்ஹாசன், தீபிகா படுகோன் முதலிய பெரிய நடிகர்கள் எல்லாம் நடித்திருக்கிறார்கள். சங்கீதம் நம் தமிழ்நாட்டுத் தோழர் சந்தோஷ் நாராயணன். முதலில் இதற்கு "புராஜெக்ட் கே" என்று பெயர். 2021ம் வருஷம் ஜூலை 24ந் தேதி படப்பிடிப்புத் தொடங்கிற்று. அது என்ன நாள் தெரியுமா? குரு பூர்ணிமை! எதிர்கால விஞ்ஞான உலகத்தைக் காட்டப் போகிறவர்களுக்கும் பஞ்சாங்கத்தில் நாள் பொருந்தியிருந்தது. பிறகு 2023 ஜூலையில் அமெரிக்காவில் சான் டியாகோ நகரத்தில் நடந்த ஒரு பெரிய கண்காட்சியில் இப்போதைய பெயரை வெளியிட்டார்கள்.

இதில் உழைத்த தொழிலாளிகளையும் யந்திர நிபுணர்களையும் நாம் ஒரு வார்த்தையும் குறை சொல்ல மாட்டோம். படத்தில் வரும் "புஜ்ஜி" என்ற மோட்டார் வண்டியைச் சும்மா அட்டையில் செய்து ஒட்டவில்லை. மகிந்திரா கம்பெனியின் நிபுணர்களும், நம் கோயமுத்தூரில் உள்ள ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் என்ற பட்டறைக்காரர்களும் சேர்ந்து, மூன்று சக்கரத்தில் மின்சாரத்தால் ஓடக்கூடிய வண்டியாக மெய்யாகவே செய்து ஓட்டிக் காட்டினார்கள். அதன் எடை சுமார் 6 டன். பின்னால் உருண்டை வடிவமான ஒரே சக்கரம். அதை வார்த்துக் கடைந்து ஓட வைத்த கை, எங்கும் பாராட்டத் தக்க கை.

ஆனால் கேட்கிறோம்: அந்தக் கோயமுத்தூர்த் தொழிலாளி எந்தப் புராணத்தைப் பார்த்து அந்த வண்டியைச் செய்தான்? எந்த மந்திரத்தைச் சொல்லி மோட்டாரைச் சுற்ற வைத்தான்? கணக்குப் போட்டு, உலோகத்தை அறுத்து, தப்பு நேர்ந்த இடத்தில் திருத்தி, மறுபடியும் செய்து பார்த்தல்லவா ஓட வைத்தான்? அப்படி அவன் அறிவினால் செய்த வண்டியில் ஏறிக்கொண்டு, அறிவுக்கே விரோதமான கதை ஊர்வலம் வருகிறது. இதைவிடக் கொடுமை வேறு என்ன வேண்டும்?

கணக்கு உதைக்கிறது

படத்தின் பெயரில் 2898 என்ற எண் எப்படி வந்தது? கிறிஸ்து பிறப்பதற்கு முன் 3102ம் வருஷத்தில் கலியுகம் பிறந்தது என்றும், அதிலிருந்து 6000 வருஷம் கழித்துக் கதை நடக்கிறது என்றும் சொல்லுகிறார்கள். 6000ல் 3102 போனால் மீதி 2898. சரி. கழித்தல் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் எந்தப் புராணக்காரர் கல்கியைச் சொன்னாரோ, அந்தப் புராணக்காரரே கலியுகத்தின் ஆயுள் 4,32,000 வருஷம் என்றும், அதன் கடைசியில்தான் கல்கி வருவார் என்றும் சொல்லியிருக்கிறார். அப்படியானால் 6000 போக இன்னும் 4,26,000 வருஷம் பாக்கி இருக்கிறது! சாஸ்திரத்தை நம்புகிறவர்களுக்குச் சாஸ்திரக் கணக்கே தெரியவில்லை. அல்லது, தெரிந்தே கொட்டகைக்காரருக்காகக் கடவுளை நாலு லட்சத்து இருபத்தாறாயிரம் வருஷம் முன்கூட்டியே வரவழைத்து விட்டார்கள். இரண்டில் எது என்பதை அவர்களே சொல்லட்டும்.

அந்த 3102ம் வருஷமாவது யாராவது கண்ணால் பார்த்து எழுதி வைத்ததா? இல்லை. கி.பி. 499ல் தமக்கு 23 வயது என்றும் அப்போது கலி பிறந்து 3600 வருஷம் ஆயிற்று என்றும் ஆரியபட்டர் எழுதி வைத்தார். கிரகங்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடியிருந்த காலம் எது என்று வான சாஸ்திரக்காரர்கள் பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கண்ட ஒரு தொடக்கப் புள்ளி அது. கணக்குக்காக வைத்துக்கொண்ட புள்ளியைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குத்தான் கிருஷ்ணன் மாண்டான், கலிபுருஷன் பிறந்தான் என்று கதை கட்டினால், ஆரியபட்டருக்குத்தான் அவமானம்.

விஞ்ஞானி கெட்டவனாம்! சாபம் பெற்றவன் நல்லவனாம்!

இனிக் கதையைப் பாருங்கள். உலகம் அழிந்து காசி நகரம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறதாம். தலைகீழாகத் தொங்கும் ஒரு பெரிய கோபுரத்தில் பணக்காரர்கள் வாழ்கிறார்களாம். கீழே ஏழைகள் தண்ணீருக்கும் உணவுக்கும் அடித்துக் கொள்ளுகிறார்களாம். இதுவரையில் நல்ல கதைதான். தண்ணீரையும் காற்றையும் சிலர் பிடுங்கிக் கொண்டு பலரைத் தவிக்க விடும் உலகம் எப்படி உண்டாயிற்று, அதை எப்படி மாற்றுவது என்று யோசித்திருந்தால் 600 கோடியும் செலவழிக்கத் தக்க படம் என்று நாமே சொல்லியிருப்போம்.

ஆனால் அந்த ஏழைகள் என்ன செய்ய வேண்டும் என்று படம் சொல்லுகிறது? சங்கம் கூட வேண்டுமென்றா? தங்கள் பங்கைக் கேட்க வேண்டுமென்றா? இல்லவே இல்லை. ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் கடவுள் வந்திருக்கிறார், அவர் பிறக்கும் வரையில் காத்திருங்கள் என்று சொல்லுகிறது. அந்தக் கர்ப்பத்தைக் காப்பாற்ற யார் வருகிறார்? மகாபாரதத்து அசுவத்தாமன் வருகிறார். இவர் யார்? தூங்கிக் கொண்டிருந்தவர்களை இராத்திரியில் போய் வெட்டியவர் என்றும், வயிற்றில் இருந்த சிசுவைக் கொல்ல அஸ்திரம் விட்டவர் என்றும் அந்தப் பாரதமே சொல்லுகிறது. அதற்காகச் சாபம் பெற்றவரை இப்போது எட்டடி உயரத்துக்கு வளர்த்து, நெற்றியில் மணியை ஒளிர விட்டு, நல்லவர் என்று நிறுத்துகிறார்கள்.

கெட்டவன் யார்? பரிசோதனைச் சாலை வைத்து, மருந்தைப் பிழிந்து, ஊசி போட்டுக் கொள்ளுகிறவன். இந்த வேஷத்தைப் போட்டிருப்பவர் தம்மைப் பகுத்தறிவாளர் என்று பல மேடைகளில் சொல்லிக்கொண்ட தோழர் கமல்ஹாசன் என்பது இன்னுமொரு வேடிக்கை. நடிகர் எந்த வேஷமும் போடலாம், அது அவர் தொழில். ஆனால் மூன்று மணி நேரப் படத்தில் ஆராய்ச்சி செய்கிற ஆள் துஷ்டன், சாபமும் மணியும் முன்பிறவியும் உடையவர்கள் சிஷ்டர்கள் என்று காட்டினால் பார்க்கிற பிள்ளையின் மனதில் என்ன பதியும்? கடைசியில் கதாநாயகனும் கர்ணனுடைய மறுபிறவி என்று முடிக்கிறார்கள். தேரோட்டி மகன் என்று சபையில் அவமானப்பட்ட கர்ணனுக்கு வந்த கோபத்தையாவது காட்டினார்களா? அதை விட்டுவிட்டு வில்லை மட்டும் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

கல்கி எதற்காக வருகிறார்?

படக்காரர்கள் ஜாக்கிரதையாக மறைத்துவிட்ட ஒரு சங்கதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நம் கடமைக்குத் துரோகமாகும்.

விஷ்ணு புராணத்தில் கலிகாலத்தின் அடையாளங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. தண்ணீர் பஞ்சமும் கொள்ளையும் மட்டுமா அவை? வருணாசிரம ஆசாரம் கெட்டுப் போவதும், அவரவர் குலத்துக்கு விதித்த தொழிலை விட்டு வேறு தொழிலுக்குப் போவதுமே அங்கே பெரிய குற்றங்கள். இந்தக் "கேடு"களைத் தீர்க்கத்தான் சம்பளம் என்ற கிராமத்தில் விஷ்ணுயசஸ் என்ற பார்ப்பனர் வீட்டில் கல்கி பிறந்து, மிலேச்சர்களை அழித்து, எல்லோரையும் அவரவர் தருமத்தில் மறுபடியும் நிறுத்துவாராம்.

அவரவர் தருமம் என்றால் என்ன? உங்களுக்கும் எனக்கும் எந்தத் தருமம் வைத்திருக்கிறார்கள்? மலையில் இருப்பவன் பள்ளிக்கூடம் போவதும், சக்கிலியர் வீட்டுப் பெண் டாக்டராவதும், பறையர் வீட்டுப் பிள்ளை ஜில்லா கலெக்டராவதும் அவர்கள் கணக்கில் கலியின் கெடுதி. நம்முடைய கணக்கிலோ அதுதான் விடுதலை. நம்முடைய விடுதலையை ஒழிக்க வருகிறவர் என்று புராணம் எவரைச் சொல்லுகிறதோ, அவருக்காக நம்முடைய பணத்திலேயே டிக்கெட் வாங்கி, நாமே கைதட்டி வரவேற்கிறோம். மானமுள்ள மனிதர்கள் செய்யும் காரியமா இது?

கர்ப்பமும் பரிசோதனைச் சாலையும்

கதாநாயகிக்குப் படத்தில் பெயர்கூடக் கிடையாது. முதலில் "சம் 80" என்ற எண். பிறகு சுமதி என்று பெயர் வைக்கிறார்கள். கல்கியின் தாயாருக்குப் புராணத்தில் உள்ள பெயர் அது. அவள் என்ன நினைக்கிறாள், பிள்ளை வேண்டுமென்கிறாளா வேண்டாமென்கிறாளா என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அவள் ஒரு பாத்திரம். உள்ளே இருப்பதுதான் முக்கியம். நெருப்பினூடே வேறு அவளை நடக்க வைக்கிறார்கள். சீதையை நடக்க வைத்தது போதாதென்று 2898லும் பெண் நெருப்பில்தான் நடக்க வேண்டுமாம்!

கர்ப்பத்தையும் விஞ்ஞானத்தையும் பற்றிப் படமெடுக்க ஆசைப்பட்டவர்களுக்கு இந்த நாட்டிலேயே உண்மைக் கதை ஒன்று இருந்தது. 1978ம் வருஷம் ஜூலை 25ந் தேதி இங்கிலாந்தில் ஓல்டாம் நகரத்தில் உலகத்தின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அதிலிருந்து சரியாக 70 நாள்தான் ஆயிற்று. அக்டோபர் 3ந் தேதி கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி அதே காரியத்தைச் சொற்பக் கருவிகளைக் கொண்டு செய்து காட்டினார். அவருக்கு நடந்தது என்ன? சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. கமிட்டி அவர் சொன்னதைப் பொய் என்று தள்ளிற்று. வெளிநாட்டுக் கூட்டத்தில் போய்ப் பேசவும் விடவில்லை. கருவை ஆராய்ந்தவரைக் கண் வைத்தியசாலைக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19ந் தேதி அந்த மனிதர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். பிறகு வேறொரு விஞ்ஞானி, டாக்டர் ஆனந்தகுமார், முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, "முதலில் செய்தவர் இவரே" என்று 1997ல் எழுதின பிறகுதான் நாடு விழித்துக் கொண்டது.

தோழர்களே, இது எப்படிப்பட்ட தேசம் என்று பாருங்கள். குடத்தில் நூறு பிள்ளை பிறந்தது என்ற கதையை நம்பும். அதற்குக் கமிட்டி இல்லை. 2019 ஜனவரியில் பஞ்சாபில் நடந்த இந்திய விஞ்ஞானக் காங்கிரசிலேயே, கௌரவர்கள் சோதனைக் குழாய்க் குழந்தைகள் என்றும், இராவணனிடம் 24 வகை விமானங்கள் இருந்தன என்றும் ஒரு சர்வகலாசாலைத் துணைவேந்தர் பேசினார். ஆனால் ஒரு டாக்டர் மெய்யாகவே குழந்தையைப் பிறக்கச் செய்து கையில் கொடுத்தால் அது பொய்! இல்லாத குடத்துக்கு மரியாதை, இருந்த மனிதனுக்குச் சாவு.

விமானக் கதையும் இப்படித்தான். "வைமானிக சாஸ்திரம்" பழங்கால முனிவர் சொன்னது என்று பிரமாதப்படுத்துகிறார்கள். 1974ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஐந்து பேர் அதைப் பக்கம் பக்கமாகப் பரிசீலித்து, அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது என்றும், அதில் சொன்னபடி செய்தால் எந்த விமானமும் பறக்காது என்றும் காட்டி விட்டார்கள். அப்படியிருந்தும் 2015ல் பம்பாயில் கூடிய விஞ்ஞானக் காங்கிரசில் அதை வைத்தே ஒருவர் உபந்நியாசம் செய்தார்!

எங்கள் மலைக்கும் இந்த வியாதி வந்துவிட்டது. சங்க காலத்துப் புலவர்கள் கொல்லிப்பாவை என்ற அழகிய பதுமையைப் பாடியிருக்கிறார்கள். அந்தப் பாவைதான் உலகத்தின் முதல் யந்திர மனுஷி என்று இப்போது சுற்றுலா வருகிறவர்களிடம் சிலர் அளக்கிறார்கள். பாவையைக் கற்பனை செய்த புலவனுடைய அழகை நாம் போற்றுவோம். ஆனால் கற்பனையை யந்திரம் என்று சொல்லுகிறவனை, "ஆணி எங்கே, அச்சு எங்கே, செய்த பட்டறை எங்கே?" என்று கேட்போம். அறப்பளீசுவரர் கோயில் ஓடையில் அறுத்த மீன் பொருந்தி ஓடிற்று என்ற கதையையும் அப்படியே. அறுத்ததைப் பொருத்தத் தெரிந்த மலையில், அரிவாள் பட்ட விரலுக்குத் தையல் போட ஏன் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம்?

மற்ற தேசத்தார் எடுத்த படம்

கற்பனையே கூடாதென்று நாம் சொல்லவில்லை. 1902ல் பிரான்சில் மெலியே என்பவர் சந்திரனுக்குப் போவதாக ஒரு சிறு படம் எடுத்தார். 1929ல் ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங் என்பவர் சந்திரனுக்கு ராக்கெட்டில் போகும் படம் எடுத்தபோது, ஹெர்மன் ஓபர்த் என்ற ராக்கெட் நிபுணரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு யோசனை கேட்டார். ராக்கெட்டை விடுமுன் எண்களைத் தலைகீழாக எண்ணுவதை அந்தப் படம் திரையில் காட்டிற்று. 40 வருஷம் கழித்து, 1969ல் மனிதன் மெய்யாகவே சந்திரனில் இறங்கினான். அவர்கள் நிபுணரைக் கேட்டுக் கனவு கண்டார்கள். நம்மவர்கள் பௌராணிகரைக் கேட்டுக் கனவு காண்கிறார்கள்.

நமக்கும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1963லேயே "கலை அரசி" என்ற தமிழ்ப் படத்தில் வேறு கிரகத்து மனிதர்கள் பூமிக்கு வந்தார்கள். எதற்காக? சங்கீதம் கற்றுக்கொள்ள! எந்த அவதாரமும் தேவைப்படவில்லை. அதற்கும் முன்னே, 1940களிலேயே "இனிவரும் உலகம்" என்ற சிறு புத்தகத்தில் பெரியார், கம்பியில்லாக் கருவியை ஒவ்வொருவரும் உடம்போடு வைத்துக்கொண்டு பேசுவதையும், ஆண் பெண் சேர்க்கை இல்லாமலே பிள்ளை உண்டாவதையும் சொல்லி வைத்தார். அதற்கு ஆன செலவு கொஞ்சம் காகிதமும் மையும். 600 கோடிக்குத் தோன்றாத எதிர்காலம் காலணாக் காகிதத்துக்குத் தோன்றிற்று. காரணம், எழுதியவர் முன்னால் பார்த்தார். இவர்கள் பின்னால் பார்க்கிறார்கள்.

வரவேற்பு

படத்தை வரவேற்ற விதத்தையும் சொல்ல வேண்டும். தெலங்கானா, ஆந்திரா அரசுகள் டிக்கெட் விலையை உயர்த்திக்கொள்ள அனுமதி கொடுத்தன. வசூல் 1000 கோடியைத் தாண்டிற்று என்று கம்பெனியாரே விளம்பரம் செய்தார்கள். பெரிய நட்சத்திரங்களின் படங்கள் வந்தால் அட்டை உருவங்களுக்குப் பாலை ஊற்றுவது நம் பக்கத்து வழக்கமாகி விட்டது. கோயிலில் கல்லுக்கு ஊற்றியது போக, இப்போது கொட்டகையில் அட்டைக்கு. கல்லாவது நனைந்தால் கெடாது!

இவ்வளவு பயபக்தியோடு எடுத்தும் பக்தர்கள் திருப்தியடைந்தார்களா? இல்லை. கல்கிக்குக் கோயில் கட்டுகிற ஒரு மடாதிபதி, புராணத்துக்கு விரோதமாகக் காட்டி மனதைப் புண்படுத்தி விட்டார்கள் என்று 2024 ஜூலையில் படக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டார். அந்தக் கோயில் உத்தரப்பிரதேசத்தில் சம்பல் என்ற ஊரில் கட்டப்படுகிறது. 2024 பிப்ரவரி 19ந் தேதி பிரதம மந்திரி நரேந்திர மோடி அவர்களே போய் அஸ்திவாரக் கல் நாட்டினார். செத்தவனுக்குச் சமாதி கட்டுவது உலக வழக்கம். இன்னும் பிறக்காதவனுக்குக் கோயில் கட்டுவது இந்தத் தேசத்தின் தனிப்பெருமை!

பிறக்கும் வரையில் காத்திருக்க முடியாதவர்களும் உண்டு. ஆந்திரா எல்லையில் தம்மையே கல்கி பகவான் என்று சொல்லிக்கொண்ட ஒருவருடைய ஆசிரமத்திலும் அதைச் சேர்ந்த கம்பெனிகளிலும் 2019 அக்டோபரில் வருமான வரிக்காரர்கள் சோதனை போட்டார்கள். கணக்கில் வராத வருமானம் 500 கோடிக்கு மேல் என்று வரி இலாகா அறிவித்தது. ஒரு கல்கியைக் காட்ட 600 கோடி. ஒரு கல்கியிடம் கணக்கில் வராதது 500 கோடி. அவதாரம் என்ற வியாபாரத்தில் நஷ்டப்படுகிறவன் எப்போதும் டிக்கெட் வாங்குகிறவனும் உண்டியில் போடுகிறவனுந்தான்.

அவர்கள் சொல்லும் சமாதானங்கள்

"இது கதைதானே ஐயா, பொழுதுபோக்குக்குத்தானே?" என்பார்கள். பொழுதுபோக்கு என்றே சொல்லி விற்றால் நமக்குச் சண்டையில்லை. மாரீசன் மானாக வந்தான் என்று நாடகம் போடுகிறவனை விஞ்ஞானி என்று யாரும் சொல்லுவதில்லை. இங்கேதான் விஞ்ஞானம் என்ற முத்திரையைக் குத்துகிறார்கள். கலப்பட எண்ணெயைக் கலப்படம் என்று சொல்லி விற்றால் அதில் என்ன மோசடி? நல்லெண்ணெய் என்று விற்பதுதான் மோசடி.

"அவர்கள் சொந்தப் பணம், எப்படியாவது செலவழிப்பார்கள்" என்பார்கள். அந்தச் சொந்தப் பணம் எங்கே விளைந்தது? எங்கள் மலையில் மிளகு பறித்தவன் கூலியும் அதில் இருக்கிறது. பதினாயிரம் ரூபாய்க்கு ஒரு நல்ல சிறு தொலைநோக்கி கிடைக்கிறது. 600 கோடிக்கு ஆறு லட்சம் தொலைநோக்கி. இந்தியாவில் கிராமங்களும் ஏறக்குறைய ஆறு லட்சத்துச் சொச்சந்தான். ஊருக்கு ஒன்று வைத்திருந்தால் வியாழனுடைய நாலு சந்திரன்களையும் ஒவ்வொரு பிள்ளையும் கண்ணால் பார்த்திருக்கும். மேலே இருப்பது தேவலோகமல்ல, உருண்டைகள்தான் என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"விஞ்ஞானிகளே சாமி கும்பிடுகிறார்களே?" என்பார்கள். கும்பிடுகிறார்கள், வாஸ்தவந்தான். 615 கோடி ரூபாய்க்கு, அதாவது ஏறக்குறைய இந்தப் படத்தின் செலவுக்கே, சந்திரயான் 3 கப்பலைச் செய்தார்கள். விடுவதற்கு முதல் நாள், 2023 ஜூலை 13ந் தேதி, அதன் பொம்மையைத் திருப்பதிக்குக் கொண்டு போய் வைத்துக் கும்பிட்டார்கள். ஆனால் ஆகஸ்டு 23ந் தேதி அது சந்திரனில் இறங்கியது எதனால்? 2019ல் முன் கப்பல் விழுந்து நொறுங்கிய காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தியதனால். அந்த வருஷமும் சாமி இருந்தாரே, ஏன் விழுந்தது? சந்திரனில் இறங்கும் வண்டியைப் பூமியில் ஓட்டிப் பார்ப்பதற்குச் சந்திர மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. அது கைலாசத்திலிருந்து வரவில்லை. எங்கள் நாமக்கல் ஜில்லாவிலேயே சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்களின் பாறையைப் பொடி செய்து அனுப்பினார்கள். சேலம் பெரியார் பல்கலைக் கழகத்துப் பூகர்ப்ப சாஸ்திரிகள் அந்தப் பாறையை அடையாளங் காட்டினார்கள். கொல்லிமலையின் அடிவாரத்துக்கு அப்பாலே கிடக்கும் கல்லில் சந்திரன் இருக்கிறது. இது எந்த அவதாரத்துக்குக் குறைந்த அதிசயம்? இதைக் காட்டி ஒரு படம் எடுத்தால் எங்கள் பையன் எழுபது வளைவும் இறங்கிப் போய்ப் பார்க்க மாட்டானா?

மலையில் நடந்தது

கடைசியாக ஒரு சொந்தச் சங்கதி. சில வருஷங்களுக்கு முன் எங்கள் வளப்பூர் நாட்டில், தார் ரோடு எட்டாத ஒரு குடியிருப்பில், எங்கள் உறவுப் பெண் ஒருத்திக்கு நடு இராத்திரியில் பிரசவ வலி கண்டது. கால் வீங்கியிருந்தது, கண் இருட்டுகிறது என்றாள். கிழவிகள், அமாவாசைக் காற்றுப் பட்டுவிட்டது, பூசாரியைக் கூப்பிடு என்றார்கள். அவளை நன்றாக அறிந்த கிராம நர்ஸ் அம்மாள் முன்னமே, "இவளுக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது, வலி எடுத்தால் ஒரு நிமிஷமும் வீட்டில் வைக்காதீர்கள்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதை ஞாபகம் வைத்திருந்தவள் அவளுடைய மாமியார். எழுத்து வாசனை இல்லாதவள். "பூசாரி அப்புறம் வரட்டும், தூளி கட்டுங்கடா" என்றாள். கம்பில் போர்வையைக் கட்டி நாலு பேர் தோள் மாற்றி ரோட்டுக்குத் தூக்கி வந்தோம். 108 வண்டி வந்தது. அவள் பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது. பெண் குழந்தை.

அன்றைக்கு எந்த அசுவத்தாமனும் வரவில்லை. ஒரு நர்ஸ் அம்மாளுடைய கருவியும், ஒரு கிழவியின் புத்தியும், நாலு பேர் தோளும்தான் வந்தன. அந்தத் தூளியில் இருந்த பிள்ளை எந்தக் கடவுளின் அவதாரமும் அல்ல. அதனால் அதன் விலை குறைந்து போய் விட்டதா?

எனக்குக் "கல்கி"க் கதை சொன்ன பையன் அன்றைக்குத் தூளி தூக்கிய நாலு பேரில் ஒருவன். இதை நான் அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். வெகு நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்த மணி மட்டும் எப்படி ஒளிருதுன்னு கேட்கத் தோணலை சித்தப்பா" என்றான். அது போதும். கேட்கத் தோன்றவில்லை என்று தெரிந்துகொண்டவனுக்கு அடுத்த தடவை கேட்கத் தோன்றும்.

ஆகவே தோழர்களே! படம் பார்க்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. பாருங்கள்; கைத்தொழிலை மெச்சுங்கள்; வண்டி எப்படி ஓடிற்று என்று விசாரியுங்கள். ஆனால் அட்டைக்கு ஊற்றும் பாலைப் பிள்ளைக்குக் கொடுங்கள். விஞ்ஞானம் என்று எவன் எதைச் சொன்னாலும், "யார் செய்து பார்த்தது? மறுபடியும் செய்தால் வருமா? தப்பானால் ஒப்புக்கொள்வாயா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் கடமை என்று 1976ல் அரசியல் சட்டத்திலேயே எழுதி விட்டார்கள். அப்படி எழுதியிருந்தும், மூடநம்பிக்கையை எதிர்த்த டாக்டர் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டு 20ந் தேதி பூனா நகரத்து வீதியில் சுடப்பட்டு இறந்தார். கேள்வி கேட்பது அவ்வளவு அபாயமான காரியமாக இருக்கிற தேசத்தில், கேள்வியே கேட்காதே என்று 600 கோடி ரூபாய் செலவழித்துச் சொல்லுவது வெறும் பொழுதுபோக்கு ஆகுமா?

கல்கி வருவார் என்று காத்திருக்கிறவர்கள் நாலு லட்சத்து இருபத்தாறாயிரம் வருஷம் தாராளமாகக் காத்திருக்கட்டும். நமக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. எங்கள் குடியிருப்புக்குத் தார் ரோடு வேண்டும்.